திறக்காத போல்ட்

காருக்கு அடியில் கிடந்தவனுக்கு மாமியாரின் கால்கள் மட்டும்தான் தெரிந்தன.

அவள் வண்டியின் பின்பக்கம் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஆடாமல் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் இரண்டும் செருப்பை விட்டு இறங்கித் தரையை அழுத்திக்கொண்டிருந்தன.

ஸ்பானரின் வாலில் இரும்புக் குழாயைச் செருகி, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். போல்ட் அசையவில்லை.

காலையிலிருந்து எத்தனை முறை என்று அவன் எண்ணவில்லை. தோள்பட்டை எண்ணியிருந்தது.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி அது. பின்சக்கரங்களுக்கு நடுவே சின்னப் பூசணிக்காய் அளவில் ஒரு கியர் பெட்டி. அதற்குத் தனி ஆயில். வளைவில் திரும்பும்போது பின்னால் ஏதோ முனகுகிறது என்று மனைவி சொல்லிச் சொல்லித்தான் அதை மாற்ற எடுத்தான்.

பெட்டியின் அடியில் ஒரு போல்ட், பழைய ஆயிலை வடிக்க. முதுகில் ஒரு போல்ட், புதியதை ஊற்ற. ஊற்றும் போல்ட் திறக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வடிக்கும் போல்டைத் தொட வேண்டும். இல்லையென்றால் உள்ளே இருந்ததும் போய், புதிதாக ஊற்றவும் வழியில்லாமல், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். எந்த வீடியோவும் இதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடும்.

அவன் மூன்றாவது நிமிடத்திலிருந்து பார்த்தவன். வடித்துவிட்டுத்தான் ஊற்றும் போல்டைத் தொட்டான்.

நூற்றுப் பத்து நாட்களாக வண்டி ஸ்டாண்டின் மேல் நிற்கிறது.

துருப்பிடித்து இறுகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தான். தெரிந்த மெக்கானிக்கை அனுப்புகிறேன் என்ற எதிர்வீட்டுக்காரரிடம், நாளைக்கு என்றான். மறுநாளும் நாளைக்கு என்றான். அந்த போல்டின் மேல் வேறு யார் கையையும் படவிடவில்லை.

மாமியார்தான் அவனை விடவில்லை. நிறைமாதக்காரிகூட இத்தனை நாள் படுத்துக் கிடக்க மாட்டாள், இந்த வண்டிக்கு என்ன கேடு என்று போனில் கேட்டாள். மனைவி இறந்த பிறகு மகள் அவளிடம்தான் இருந்தாள். அதுவும் நூற்றுப் பத்து நாள்.

நாளை பள்ளி திறக்கிறது. கார் ஓடினால் பேத்தியை இன்று சாயங்காலமே கொண்டுவந்து விடுவதாகச் சொன்னாள். ஓடாவிட்டால் தன் தெருவிலேயே ஒரு பள்ளி இருக்கிறது. இரண்டு சக்கர வண்டியில் மட்டும் குழந்தையை ஏற்ற விடமாட்டேன் என்பதை இரண்டு முறை சொன்னாள். அந்தப் பள்ளியின் விண்ணப்பத்தை வந்தவுடன் எடுத்துக் காட்டிவிட்டுத் திரும்பக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். எல்லாம் நிரப்பியிருந்தது. அப்பா கையெழுத்து போட வேண்டிய இடம் மட்டும் காலி.

மறுபடி இழுத்தான். குழாய் வழுக்கி, விரல் முட்டி பெட்டியில் இடித்தது.

"மாப்பிள்ளை, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. நீங்க கழட்டறீங்களா, இறுக்கறீங்களா?"

அவன் குழாயை மறுபடி செருகினான். இன்ஜினியரிங் படித்தவன். இடப்பக்கம் திருப்பினால் கழலும். இடப்பக்கம்தான் திருப்பிக்கொண்டிருந்தான்.

அவனுடைய இடப்பக்கம்.

பின்னால் சைலன்சர் மறைத்ததால், அவன் பெட்டிக்கு முன்பக்கம் படுத்து, அதன் மேலாகக் கையை வளைத்துவிட்டுத் தடவித் தடவித்தான் போல்டைப் பிடித்திருந்தான். போல்டின் தலை அவனைப் பார்த்து இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து இருந்தது. அவனுக்கு இடது, அவளுக்கு வலது.

கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் கிடந்தான். திறந்துவிடக் கூடாதே என்று ஒரு நினைப்பு ஓடியது.

குழாயை மறுபக்கம் மாற்றிப் பிடித்து இழுத்தான்.

டக்.

மிச்சத்தை விரலாலேயே சுழற்றினான். போல்ட் உள்ளங்கையில் விழுந்தது. ஒரு பொட்டு துரு இல்லை. மரைகள் புதுக்கருக்கு மாறாமல் மின்னின.

"இவ்வளவுதானா?" என்றாள்.

மனைவி இறந்த அன்று காலையும் அதே இடத்தில் இரண்டு கால்கள் வந்து நின்றன. நீலச் செருப்பு, இடது குதிகால் தேய்ந்தது. நேரமாகிறது, வண்டி கிடைக்குமா கிடைக்காதா என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு குழாயை இழுத்தபடியே, துருப்பிடித்து இறுகிவிட்டது, ஸ்கூட்டரில் போய்விடு என்றான். தூறிக்கொண்டிருந்தது. தலையை வெளியே நீட்டிப் பார்க்கவில்லை. செருப்புகள் திரும்பி நடந்தன.

மதியம் ஆஸ்பத்திரி வராந்தாவில், காரை ஏன் கொடுக்கவில்லை என்று மாமியார் கேட்டபோதும் அதையேதான் சொன்னான். துரு.

இப்போதும் சொல்லலாம். மருந்தடித்து ஊறப்போட்டது இன்றைக்குத்தான் இளகியிருக்கிறது என்றால் நம்பிவிடுவாள். சாயங்காலம் மகள் வந்துவிடுவாள்.

"துரு இல்ல, அத்தை. அன்னைக்கும் இறுக்கிட்டுதான் இருந்தேன்."

டார்ச் அணைந்தது.

கால்கள் அசையவில்லை. கைப்பையின் ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. காகிதம் சரசரத்தது. அவன் போல்டை மூடிய கையைத் திறக்கவில்லை.

ஜிப் மூடியது.

தரையில் உரசிக்கொண்டு ஆயில் டப்பா அவன் பக்கம் வந்தது. மூடியைக் கழற்றியிருந்தாள். டார்ச் மறுபடி எரிந்தது. இந்த முறை வெளிச்சம் ஓரிடத்தில் நிற்கவில்லை.