மாடி வீட்டு விசில்

மாடியில் குடியிருக்கும் ஸ்டான்லி வீட்டுக் குக்கர் ஆறாவது விசிலை அடித்தபோது, கீழே வீட்டுக்காரர் சிவசைலம் செய்தித்தாளை மடித்து வைத்தார். சைவம் சாப்பிடுபவர்களுக்கு மட்டுமே வாடகைக்கு என்று வாசலில் பலகை மாட்டியவர் அவர். பருப்புக்கு மூன்று விசில் போதும் என்பதும் தெரிந்தவர்.

"ஆறு விசிலுக்கு அப்படி என்னத்த வேக வைக்காங்க?"

"கொண்டக்கடல. ஊறப்போட மறந்திருப்பாங்க" என்றாள் அவர் மனைவி பிலோமினா.

அது மாட்டிறைச்சி சூப் என்று அவளுக்குத் தெரியும். கூடவே கேரட், உருளைக்கிழங்கு, நிறைய மிளகு. காதலித்தவரைக் கட்டிக்கொண்ட நாளில் சைவமானவள் அவள். இந்தப் பதினொரு வருடத்தில் அம்மா வைக்கும் சூப்பைக் கனவில்கூட அரை டம்ளர்தான் குடித்திருக்கிறாள். அதற்குள் அவர் காபி கேட்டு எழுப்பிவிடுவார். உண்மையைச் சொன்னால் மாடி காலியாகும். ஞாயிற்றுக்கிழமைகளில் இறங்கி வரும் இந்த வாசமும் கூடவே போய்விடும்.

எட்டாவது விசில் வந்தது. சிவசைலம் மூக்கை உறிஞ்சினார். "நல்லாத்தான் மணக்கு. ஒரு கிண்ணம் வாங்கிட்டு வாயேன்."

பிலோமினா கிண்ணத்தோடு ஒரு ஸ்பூனையும் எடுத்துக்கொண்டாள்.

"ஸ்பூன் எதுக்கு?"

"உப்பு பாக்க" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.