பிந்தி வரும் சிரிப்பு

மேடையில் இன்னொரு சால்வையைப் போர்த்தினார்கள். கூட்டம் கைதட்டியது.

மரகதம் கணவனைப் பார்த்தாள். படம் எப்போது என்று விரல்களால் கேட்டாள்.

இதோ, என்று காட்டினான். வந்ததிலிருந்து அதையேதான் காட்டிக்கொண்டிருக்கிறான்.

ஈரோட்டில் ஒரு சங்கக் கட்டடத்தின் மாடி அரங்கு. மாதம் ஒரு நல்ல படம் போடும் திரைப்படக் கழகம் அதை மாலைக்கு மட்டும் வாடகைக்குப் பிடித்திருந்தது. இன்றைக்கு, உலகமே தலையில் வைத்துக் கொண்டாடும் பழைய மௌனப் படம். நோட்டீஸைப் பார்த்ததும் அவன் சாயப்பட்டறையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டான்.

பேச்சே இல்லாத படம்.

மரகதத்துக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது.

கல்யாணமான புதிதிலிருந்தே இருவரும் சினிமாவுக்குப் போகிறவர்கள்தான். திரையில் பேசுவதை அவன் கையால் சொல்வான். வெளிச்சம் விழும்படி கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும். பின்வரிசைக்காரர்கள் மறைக்கிறது என்பார்கள். இறக்கினால் அவளுக்குத் தெரியாது.

அதுகூடப் பரவாயில்லை. வேடிக்கையான இடம் வந்தால் முதலில் அரங்கம் சிரிக்கும். கூடவே அவனும் சிரித்துவிடுவான். அப்புறம்தான் கை சொல்லும். எல்லாரும் ஓய்ந்த பிறகு அவள் மட்டும் தனியாகச் சிரிப்பாள். யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். உடனே முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள்.

ஒரே ஒரு தடவை அவள் எல்லாரோடும் சேர்ந்து சிரிக்க வேண்டும்.

அவன் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

வரவேற்புரை முடிந்து தலைமையுரை. தலைமையுரை முடிந்து வாழ்த்துரை. வாழ்த்த வந்தவர் முன்வரிசையில் இருந்த தன் மருமகனையும் சேர்த்து வாழ்த்திவிட்டுப் போனார். கடைசியாகச் சிறப்புரை. ஓய்வுபெற்ற பேராசிரியர் தணிகாசலம் மைக்கைக் கழற்றிக் கையிலேயே எடுத்துக்கொண்டார்.

மைக்கைக் கையில் எடுக்கிறவர்கள் லேசில் வைக்க மாட்டார்கள்.

“மௌனம்தான் சினிமாவின் தாய்மொழி” என்றார் பேராசிரியர். பிறகு அதை விளக்க ஆரம்பித்தார்.

விளக்கிக்கொண்டே இருந்தார்.

என்ன சொல்கிறார், என்று மரகதம் கேட்டாள்.

இந்தப் படத்தில் பேச்சு கிடையாது என்கிறார்.

அவள் பேராசிரியரின் வாயைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இவ்வளவு நேரமாகவா, என்று கேட்டாள்.

காவலாளி சாவிக்கொத்தோடு வாசலில் வந்து நின்றார். அதற்கு மேல் அவனால் உட்கார முடியவில்லை. எழுந்து போய்க் கழகத்துச் செயலாளரின் காதில் சொன்னான்.

“படத்தப் போடுங்கண்ணா. பூட்டறதுக்கு ஆள் வந்தாச்சு.”

“பெரியவர் பேசறாருங்க. நடுவால எப்படிங்க நிறுத்தச் சொல்றது?”

ஒருவழியாக விளக்குகள் அணைந்தன. அவன் அப்பாடா என்று சாய்ந்தான்.

மைக் அணையவில்லை.

“காட்சிக்குக் காட்சி நான் விளக்கம் தருகிறேன். அப்போதுதான் உங்களுக்கெல்லாம் புரியும்” என்றது இருட்டிலிருந்து அதே குரல்.

திரையில் ஓர் ஒல்லியான ஆள், கல்யாண வீட்டுக்கு ஆளுயர நிலைக்கண்ணாடி ஒன்றைச் சுமந்து வந்தான். குரல் அந்தக் காலத்து ஐரோப்பியக் கல்யாணங்களைப் பற்றிப் பேசியது. அரங்கம் வாய் பிளந்து குரலைக் கேட்டது.

அவனுக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. குரல் வந்த மூலையைத் திரும்பிப் பார்த்து முறைத்தான். ஒயரைப் பிடுங்கி எறிந்துவிடலாமா? எந்த ஒயர் என்றுகூடத் தேட ஆரம்பித்துவிட்டான்.

பக்கத்தில் சிரிப்பு வெடித்தது.

மரகதம்.

முந்தானை மடியிலேயே கிடந்தது. தன் சத்தம் தனக்கே கேட்காதவளின் அடக்கமில்லாத சிரிப்பு.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எதற்குச் சிரிக்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. அவனுக்கும் தெரியவில்லை.

“கவனியுங்கள்” என்றது குரல். “கண்ணாடி எப்போதோ உடைந்து கொட்டிவிட்டது. அது தெரியாமல் வெறும் சட்டத்தை அவ்வளவு பத்திரமாகச் சுமந்து போகிறார். ஒரு பெண் சட்டத்துக்கு நடுவே கையை நீட்டித் தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் குடித்துவிட்டு, கண்ணாடி வருகிறது, வழிவிடுங்கள் என்கிறார்.”

இப்போது அரங்கம் கொல்லென்று சிரித்தது.

அவனும் சிரித்தான்.

மரகதம் சிரித்து ஓய்ந்திருந்தாள். அவன் தோள் குலுங்குவதைத் திரும்பிப் பார்த்தாள். பிந்தி வரும் சிரிப்பு எப்படி இருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பாவம் என்பதுபோல் அவன் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

பிறகு வெளிச்சம் விழும்படி தன் கைகளைத் தூக்கி, அந்த ஆளையும் சட்டத்தையும் தண்ணீரையும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.

மறைக்கிறது என்றார்கள் பின்வரிசையில்.

அவன் ஒன்றுமே தெரியாதவன்போல அவள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.