சர்க்கரை போடாத டம்ளர்

பால் பொங்கி விளிம்புக்கு வந்துவிட்டது.

செண்பகவல்லி அடுப்பைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரெஜினாவின் கால்கள் தாமாக எழப் பார்த்தன. எழக் கூடாது. மனநல மருத்துவமனையின் அந்தச் சின்னச் சமையலறையில் ஒரே விதிதான். நோயாளி தனியாக டீ போட வேண்டும். பரிசோதிப்பவர் நாற்காலியை விட்டு அசையக் கூடாது. 'ஐயோ, பால்!' என்று வாயைத் திறந்தாலே மார்க் போச்சு.

நுரை விளிம்பில் தளும்பியது.

டக்.

செண்பகவல்லியின் கை அடுப்பை அணைத்தது. நுரை அடங்கியது.

ரெஜினா மூச்சு விட்டாள். டிக் அடித்தாள்.

செண்பகவல்லி டீயை வடிகட்டினாள். டிக். சிந்தியதைத் துடைத்தாள். டிக்.

இன்று தேறிவிட்டால் வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். செண்பகவல்லிக்கும் தெரியும். காலையிலேயே தலைக்குக் குளித்து, இறுக்கப் பின்னியிருந்தாள்.

மேடையில் மூன்று டம்ளர்கள்.

ரெஜினாவின் பேனா நின்றது.

"ரெண்டு பேர்தானே இருக்கோம்?"

"அது எங்க வீட்டுக்காரருக்கு, மேடம். சர்க்கரை வியாதி. தனியா எடுத்து வச்சிட்டேன்."

"எங்க இருக்காரு?"

"வேப்பமரத்துக்குப் பின்னால."

ரெஜினா ஜன்னலைப் பார்த்தாள். வேலி. வேப்பமரம். ஒரு காக்கை.

எட்டு மாதமாகக் கேஸ் ஷீட்டில் இதேதான். புதன்கிழமை தோறும் கணவர் வந்து நிற்பதாகச் சொல்கிறார். பார்வையாளர் ரிஜிஸ்டரில் ஒரு புதன்கூட அவர் கையெழுத்து இல்லை.

படிவத்தில் கடைசிக் கேள்வி. இல்லாத ஆளைப் பார்க்கிறாரா?

'ஆம்' என்று டிக் அடித்தால் இன்னும் ஆறு மாதம் இங்கேதான்.

செண்பகவல்லி அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சவில்லை. டம்ளரை மட்டும் ஒரு தட்டால் மூடினாள்.

"ஆறிடும் மேடம்."

ரெஜினா டிக் அடித்தாள். 'ஆம்.'

பிறகு அங்கே உட்கார முடியவில்லை. படிவத்தை மடித்துக்கொண்டாள். மூடிய டம்ளரையும் எடுத்துக்கொண்டு கேட்டுக்கு நடந்தாள். கொட்ட மனசு வரவில்லை. வாட்ச்மேன் தங்கமுத்து குடிக்கட்டும்.

"அடேயப்பா! டீ கேட்டைத் தேடி வருது!"

"குடிங்கண்ணே. சர்க்கரை இருக்காது. செண்பகவல்லி அவங்க வீட்டுக்காரருக்குப் போட்டது."

நீட்டிய கையை அவர் மடக்கிக்கொண்டார். சிரிப்பு போய்விட்டது.

"அந்தம்மா பாத்துட்டாங்களா?"

"யாரை?"

தங்கமுத்து தொப்பியைக் கழற்றினார்.

"சொல்லக் கூடாதுன்னு கையைப் பிடிச்சிக் கேட்டுக்கிட்டாரு மேடம். புதன் தவறினதில்ல. 'கையைக் கட்டி இழுத்துட்டு வந்தவனே நான்தான், எந்த மூஞ்சியோட அவ முன்னால போய் நிப்பேன்'னு அழுவாரு. வேலியோரமா நின்னு பாத்துட்டுப் போயிடுவாரு. கையெழுத்துப் போட்டா உள்ள கூப்பிடுவீங்கன்னு பயம்."

"இன்னிக்கு?"

அவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். பஸ் நிறுத்தத்தில், வெள்ளைச் சட்டையில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

தூரத்தில் பஸ்ஸின் ஹாரன்.

டம்ளர் இன்னும் சுட்டது.