அடுப்படி முக்காலி

வீடு வாங்கினால் கூடவே அதே அச்சில் ஒரு பொம்மை வீடும் தருவார்கள். பொம்மை வீட்டில் ஒரு குட்டி நாற்காலியை எடுத்தால், நிஜ நாற்காலி தரைக்குள் மடங்கிவிடும். வைத்தால் எழும்பி நிற்கும்; புதுசாக ஒன்றை வைத்தால் அதே மாதிரி நிஜ வீட்டிலும் ஒன்று எழும்பும்.

விவாகரத்தில் வீடு கதிரேசனுக்குப் போனது. "இதை நீயே வச்சு விளையாடு" என்று பொம்மை வீட்டை மாதங்கியிடம் தள்ளிவிட்டான். பத்து வருஷமும் வீட்டை ஒழுங்கு பண்ணியது அவள்தான். எதனால் எது நகர்கிறது என்று அவன் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

மாதங்கி அவசரப்படவில்லை. கடை கடையாக ஏறிக் குட்டிச் சாமான்கள் சேர்த்தாள். கதிரேசனின் இரண்டாம் கல்யாணத்துக்குப் பெண் வீட்டார், பெண்ணோடு ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவதாகக் காதில் விழுந்தது.

ஞாயிறு காலை சோபா, கட்டில், நாற்காலி எல்லாவற்றையும் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

வீட்டை விற்ற கம்பெனியில் விசாரித்துவிட்டு அலறியடித்துப் போன் செய்தான் கதிரேசன். "வந்தவங்க அத்தனை பேரும் நிக்கிறாங்கடி! மானம் போகுது!"

அடுப்படியில் அவள் ஒரு முக்காலி போடும்போதெல்லாம் அதை எடுக்கச் சொல்லி அவன் கேட்ட கேள்வியை, இன்று அவள் கேட்டாள். "நின்னா கால் தேஞ்சா போயிடும்?"

"உன் கால்ல விழறேன். ஒண்ணாவது போடு."

சேர்த்ததிலேயே அழகான முக்காலியை எடுத்துப் பொம்மை அடுப்புக்கு முன்னால் வைத்தாள் மாதங்கி.

"அடுப்படியில போட்டாச்சு. அந்தப் பொண்ணை அதுல உட்கார வச்சு, போனை அவகிட்டக் குடுங்க."