காகம் வராத படையல்

அஜந்தன் ஐந்து மணிக்கு எழுந்தான். மலைத் தண்ணீர் விழும் பீலியில் இரண்டு வாளி பிடித்தான், குளித்தான், அடுப்பை மூட்டினான். அப்பாவுக்குப் பாலில்லாத பிளேன்டி ஊற்றிக் கொடுத்தான். அவர் குடித்துவிட்டு, கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு றப்பர் மலைக்குப் பால்வெட்டப் போனார்.

தனக்கு அவன் ஊற்றிக்கொள்ளவில்லை. படிப்பிக்கும் பாடசாலைக்கு லீவு சொல்லியிருந்தான். அரிவாள்மனையை இழுத்துப் போட்டு வாழைக்காய் சீவ உட்கார்ந்தான்.

பக்கத்து வீட்டு இலட்சுமி அக்கா எட்டிப் பார்த்தாள்.

"என்னா தம்பி, வெறும் வயிறா?"

"ஆடி அமாவாசை. விரதம்க்கா."

"நல்லா இருக்கே. அப்பா குத்துக்கல்லாட்டம் இருக்கையில நீ அமாவாசை விரதம் இருக்கலாமா? படிச்ச பிள்ளைக்கு இது தெரியாதா?"

"எங்கப்பாவுக்கு இல்லக்கா."

இலட்சுமி அக்கா சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். ஜீவராணி டெங்குக் காய்ச்சலில் போய் ஏழு மாதம் ஆகிறது.

"பொண்டாட்டிக்கு விரதம் இருக்கிற புருசன இந்தத் தோட்டத்துல நான் பாத்ததில்ல," என்றாள். குரல் இறங்கியிருந்தது. "மேல் டிவிசன் பெரிய மனுசனுக்கு இது காதுல விழணும்."

அஜந்தன் அடுத்த வாழைக்காயை எடுத்துச் சீவினான்.

மேல் டிவிசனில் இருப்பவர் ஜீவராணியின் அப்பா, பழைய கங்காணி அழகமுத்து. அஜந்தனின் தாத்தா சாவு வீடுகளுக்குத் தப்படித்தவர். அந்த வீட்டுக்கு மகள் வாழப் போனாள் என்று, நான்கு வருடத்துக்கு முன் லயத்து வீடுகள் எல்லாம் பார்க்கப் பீலியில் தலைமுழுகினார். அதோடும் விடவில்லை. பதினாறாம் நாள் பூசாரியை வைத்து, உயிரோடு இருந்த மகளுக்குக் காரியம் செய்து, ஊருக்குச் சோறு போட்டார்.

அவள் நிஜமாகச் செத்த அன்று மயானத்துப் பாதை வளைவுவரை வந்து நின்றார். பிறகு திரும்பிப் போய்விட்டார்.

பன்னிரண்டு மணிக்கு அவரே வாசலில் நின்றார். கையில் மடித்த வெள்ளைத் துணி ஒன்று இருந்தது. பின்னால் இலட்சுமி அக்கா வந்தாள்.

"உள்ள வரலாமா தம்பி?"

"வாங்க."

இந்த வீட்டு வாசற்படியை அவர் தாண்டுவது இதுதான் முதல் தடவை. படத்தின் முன் போய் நின்றார்.

"இந்தப் படத்த எனக்குக் குடுங்க. எங்க வீட்டுச் சாமி பக்கத்துல வச்சு, வருசா வருசம் நானே கும்பிடுறேன். பெத்தவன் கும்பிட்டாத்தான் அவ மனசு ஆறும்."

"தர மாட்டேன்."

"அனே, குடுத்துரு தம்பி," என்றாள் இலட்சுமி அக்கா. "வயசான மனுசன். பாவம்."

"அவளுக்கு அவரு ஒருக்கா காரியம் செஞ்சிட்டாருக்கா. ரெண்டாவது தடவ செய்யக்கூடாது."

அழகமுத்து துணியைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, கீழே போட்டிருந்த இலையைப் பார்த்தார். சோறு, பருப்பு, வாழைக்காய், பாகற்காய், வடை. இலை ஓரத்தில் வெற்றிலை பாக்கு, அதன்மேல் ஒரு சுருட்டு.

"சுருட்டு எதுக்கு? எம் பிள்ளைக்கு அந்த வாடையே ஆகாதே."

"அது உங்களுக்கு."

"நான் வருவேன்னு தெரியுமா?"

"வராட்டியும் வச்சிருப்பேன்."

"மாப்பிள்ளை," என்றார். அதுவும் முதல் தடவை.

அஜந்தன் கற்பூரம் காட்டினான். ஒரு பிடி சோற்றை எடுத்துப் போய்க் கூரைத் தகரத்தில் வைத்துக் கூப்பிட்டான். பலா மரத்தில் இருந்த காகம் தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு பறந்து இலட்சுமி அக்கா வீட்டுக் கூரைக்குப் போய்விட்டது. அரை மணி நேரமாகியும் சோறு அப்படியே இருந்தது.

"எம் பிள்ளைக்கு எம்மேல கோவம் தீரல," என்றார் அழகமுத்து. "நான் வந்து நிக்கிறேன்ல, அதான் எடுக்க மாட்டேங்குது. நான் போயிர்றேன்."

"நீங்க போனாலும் வராது. இந்தப் படையலுக்குக் காக்கா வந்ததே இல்ல. உக்காந்து சாப்பிடுங்க."

"படைச்ச இலையிலயா? விரதம் இருக்கிறது நீங்க."

"நீங்கதான் சாப்பிடணும்."

அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பாகற்காயைக்கூட மிச்சம் வைக்கவில்லை. கண்ணைத் துடைப்பதும் பிசைவதுமாகச் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார். சுருட்டை எடுத்துக் காதில் செருகிக்கொண்டார்.

"அவளே போட்ட மாதிரி இருந்துச்சு மாப்பிள்ளை." வாசலில் நின்று திரும்பினார். "ஒண்ணு கேக்கணும். ஆஸ்பத்திரியில அவ கடைசியா என்னையப் பத்தித்தான் பேசினாள்னு சொல்றாங்க. நெசமா?"

"நெசம்."

"என்னா சொன்னா? மன்னிச்சுட்டேன்னாளா? எதுன்னாலும் பரவால்ல, அவ சொன்னபடியே சொல்லுங்க."

அஜந்தன் அவர் சாப்பிட்ட இலையை, காரிய வீட்டில் மடிப்பதுபோல் எதிர்ப்பக்கமாக மடித்தான். பிறகு நிமிர்ந்து, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான்.

"'வருசா வருசம் நான் செய்ற மாதிரியே, ஆடி அமாவாசைக்கு எங்கப்பாவுக்குப் படையல் வச்சிருங்க.'"