மீன் வாடைக் கோட்டு

"பாய், இதைக் கொஞ்சம் முகர்ந்து பாருங்க."

ஜெகதீஸ்வரி பையிலிருந்து ஜெர்மன் பட்டாளத்துப் பச்சைக் கோட்டை உருவி மீரா சாகிப்பின் மேசைமேல் போட்டாள்.

பினாங்கில், டத்தோ கிராமாட் வட்டாரத்தில் சாகிப்புடையது பண்டல் கடை. எங்கெங்கோ குளிர் தேசத்துப் பட்டாளங்கள் கழித்துக்கட்டிய கோட்டு, கால்சட்டை, பூட்ஸ் எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும்.

சாகிப் முகரவில்லை. "என்னம்மா ஆச்சு?"

"மீன் வாடை. வாங்குறப்ப பக்கத்து மீன் கிடங்கு வாடைன்னு நெனச்சேன். ரெண்டு நாள் வெயில்ல காயப் போட்டேன், போகல. பாக்கெட்ல இது வேற கெடந்துச்சு." உள்ளங்கையை விரித்தாள். இரண்டு மீன் செதில்கள். "ஜெர்மன் பட்டாளம் சண்டைக்குப் போச்சா, மீன் பிடிக்கப் போச்சா?"

சாகிப் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

அவளுக்குக் கோபம் வந்ததில் நியாயம் உண்டு. போன வருடம் கினபாலு மலையில், உச்சிக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர்தான். பருத்தி ஸ்வெட்டர் வியர்வையில் நனைந்து, காற்று அடித்து, பல் கிட்டிப்போக, வழிகாட்டி அவளைக் கீழே இறக்கிவிட்டார். கூட வந்த தோழிகள் உச்சியில் நின்று எடுத்த படத்தில் அவள் மட்டும் இல்லை.

வரும் மார்ச்சில் மறுபடியும் போகிறாள். இன்னும் ஆறு மாதம்.

பேரங்காடியில் மலையேறும் ஜாக்கெட்டின் விலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் தொங்கவிட்டு வந்தவள், போன சனிக்கிழமை சாகிப் கடைக்கு வந்தாள். இங்கே விலை அதில் எட்டில் ஒரு பங்கு.

"ஒரு சைஸ் பெருசா எடுங்கம்மா, உள்ள கம்பளிச் சட்டை போட இடம் வேணும். பருத்தியைத் தொட்டுராதீங்க. வேர்த்தா அதுவே ஐஸ் ஆயிரும்" என்று சாகிப் விளக்கியதும் பிடித்திருந்தது. எல்லாவற்றையும்விட, கோட்டில் தொங்கிய அட்டை பிடித்திருந்தது. கையெழுத்தில், 'டெஸ்ட் ஓகே'.

பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில், சரக்கைச் சோதித்து ஓகே போடும் க்யூசி வேலை அவளுக்கு. இருபது வருடமாக. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் வாங்கினாள்.

"இப்ப வர்றப்பதான் பாத்தேன், பாய். பக்கத்து மீன் கிடங்கு வாசல்ல ஒருத்தர் உங்க கடைக் கோட்டோட நிக்கிறாரு. அட்டைகூடக் கழட்டல. அவங்களுக்கு வாடகைக்கு விட்டுட்டு, அப்புறம் எங்க தலையில கட்டுறீங்களா? என்னா லா பாய் நீங்க!"

"வாடகை இல்லம்மா. டெஸ்ட்."

"என்ன டெஸ்ட்?"

"மெதுவாப் பேசுங்க." சாகிப் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவரு பேரு சின்னையா. அம்பது தாண்டியாச்சு. கிடங்குக்குள்ள மைனஸ் பதினெட்டு டிகிரி குளிர்ல நின்னு மீன் பெட்டி அடுக்குற வேலை. அங்க குடுத்த கோட்டு மழைக்கோட்டு மாதிரி, ஒண்ணுக்கும் ஆகாது. டீ குடிக்க வருவாரு, கிளாஸைப் பிடிக்க முடியாது, கை அப்படி ஆடும். மனசு கேக்காம ஒரு கோட்டை எடுத்து நீட்டினேன். 'சும்மா குடுத்தா வேணாம் பாய்'னு போயே போயிட்டாரு."

"அப்புறம்?"

"மறுநாள் நானே போனேன். 'நான் பினாங்குல பொறந்தவன், குளிரைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? எந்தக் கோட்டு தாங்கும், எது தாங்காதுன்னு நீங்க போட்டுப் பாத்துச் சொல்லுங்க'ன்னேன். வேலைன்னு சொன்னதும் ஒத்துக்கிட்டாரு. கம்பளி, பருத்தின்னு உங்ககிட்ட பெரிய ஆளாட்டம் பேசினேனே, அதெல்லாம் அவரு சொல்லிக் குடுத்தது."

ஜெகதீஸ்வரியின் விரல்கள் மேசைமேல் கிடந்த கோட்டின் அட்டையைத் தொட்டன.

"அப்ப இது?"

"அவரு போட்டதுலயே இதான் நல்ல சூடாம். அவருக்கே இருக்கட்டும்னு, விக்க மனசில்லாம உள்ள ஒளிச்சு வெச்சேன். அவருதான் எடுத்து வெளிய மாட்டினாரு. 'பாஸான கோட்டை விக்காம வெச்சிருந்தா அது டெஸ்ட் இல்ல பாய், தர்மம்'னாரு. மறுநாளே நீங்க வந்தீங்க." சாகிப் மேசை இழுப்பறையைத் திறந்தார். "வாடை அடிக்குதுன்னு நான் சொல்லாம வித்தது தப்புதான். காசைத் திருப்பித் தந்துடுறேன்மா."

அதற்குள் வாசலில் நிழல் தட்டியது. சின்னையா. உதடு வெளுத்திருந்தது. நெஞ்சில் அட்டை ஆடிக்கொண்டிருந்தது.

"பாய், இது ஃபெயில். ஜிப்பு பாதியில நிக்குது, காத்து நேரா உள்ள வருது. மாத்தாம யாருக்கும் வித்துராதீங்க..." பேச்சு நின்றது. மேசைமேல் கிடந்த பச்சைக் கோட்டைப் பார்த்துவிட்டார். "இது நான் பாத்த கோட்டுல்ல? ஏம்மா, சரியில்லையா?"

சொல்லிவிடாதே என்று கெஞ்சுவதுபோல் சாகிப் அவளைப் பார்த்தார்.

"சரியில்ல" என்றாள் ஜெகதீஸ்வரி கறாராக. "யாரு இதுக்கு ஓகே போட்டது?"

சின்னையாவின் முகம் சுண்டிப்போனது. "நான்தாம்மா. ஏன், குளிருச்சா?"

"எத்தனை நாள் டெஸ்ட் பண்ணீங்க?"

"ஒரு வாரம்."

"அண்ணே, நான் இருபது வருஷமா க்யூசி. ஒரு வாரம் எல்லாம் ஒரு டெஸ்டா?"

'டெஸ்ட் ஓகே' அட்டையை வெடுக்கென்று பிய்த்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். கோட்டைத் தூக்கி அவர் கையில் வைத்தாள்.

"நான் மலை ஏறுறது மார்ச்சுல. அதுவரைக்கும் ஒரு நாள் விடாம நீங்களே போட்டுப் பாருங்க. அப்புறம் போடுங்க, ஓகே."