கடைசியில் அண்ணன் செத்தானா?

"எனக்கு மட்டும் முட்டையா?" புது மாணவி தன் கட்டுரையைப் பேராசிரியரின் மேசையில் பொத்தென்று வைத்தாள்.

கல்லூரி திறப்பதற்குள் ஒரு நாவலைப் படித்து எழுதிவரச் சொல்லியிருந்தார்கள்.

"புத்தகத்தைத் தொடாமலேயே கதை விடறியா? நாவல்ல வர்ற அண்ணன் கடல்ல மூழ்கிச் செத்தான்னு வகுப்பே எழுதியிருக்கு. நீ மட்டும் அவனைக் கரையேத்தி விட்டிருக்கே!"

"அவன் கரையேறிட்டான் சார்."

"எனக்குத் தெரியாத கதையா? தப்புன்னு ஒத்துக்கோ, போனாப் போகுதுன்னு பாஸ் போடறேன்."

"மார்க் போனாப் போகட்டும் சார். உயிரோட இருக்கறவனை நான் சாகடிக்க மாட்டேன்."

நாவலின் கடைசிப் பக்கத்தை விரித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதில் அண்ணன் ஈரச் சட்டையோடு வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான்.

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரல் இறங்கியது.

"அப்போ மத்தவங்க எல்லாரும் எப்படிம்மா ஒரே மாதிரி தப்பா எழுதினாங்க?"

"அவங்க முதல் நாலு பக்கத்தை மட்டும் படிச்சிருக்காங்க சார்."

"முதல் நாலு பக்கத்துலயே அண்ணன் எப்படிச் சாவான்?"

"அது நீங்க எழுதின முன்னுரை சார்."